வேன் ஏசிக்குக் கரண்ட் வரவில்லை

மே 12, திங்கள்

காலை ஆறரைக்கே சுள்ளென்று வெயில். கத்திரி பாதிகூடத் தாண்டவில்லை. பௌர்ணமி என்று பக்கத்து வீட்டில் கோயிலுக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை.

இன்றைய வேலை:
கேஸ் புக் பண்ண.
வத்தல் மாடியில் காயப்போட.
வேன்.

மூன்றாவதுக்காகத்தான் இந்த டைரியைத் திறந்தேன். லேபிள் அடிக்கும் பிரஸ்காரர் வருஷப் பிறப்புக்குக் கொடுத்தது. அட்டையில் தங்க எழுத்து, உள்ளே ஒரு வரி கிடையாது. தையில் என் வீட்டுக்காரர் போனதிலிருந்து எழுத என்ன இருந்தது? இப்போதும் மனசைக் கொட்டப் போவதில்லை. வேனில் யார் எதைப் பார்த்தார்கள், எது சரி, எது கோளாறு என்று குறித்து வைக்க மட்டும். எனக்கு இப்போதெல்லாம் அடுப்பில் பால் வைத்தால்கூட மறந்துபோகிறது.

விஷயம் இதுதான். எங்கள் பட்டாசுப் பேக்டரியில் தையில் இவரோடு வெந்த கருப்பசாமிக்கு 21ஆம் தேதி புதன் காலை எட்டு மணிக்குக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் அட்மிஷன். கழுத்துத் தோல் சுருங்கிச் சுருங்கி, தாடை நெஞ்சோடு ஒட்ட வருகிறது. போன மாதம் கொடுத்த தேதி ஏற்கெனவே வீணாகிவிட்டது. வாடகைக் காரில் பின்சீட்டில் ஒருக்களித்துப் போட்டுக் கொண்டுபோனார்கள். திருமங்கலம் தாண்டுவதற்குள் மயக்கம். வெந்து ஆறிய தோல் வியர்க்காதாம், சூடு உள்ளேயே ஏறிக்கொண்டு போகுமாம். திரும்பி வந்துவிட்டார்கள். இந்தத் தேதியும் தவறினால் அடுத்தது ஆடியில். அதற்குள் கழுத்து நிமிராமலே போய்விடும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். முந்தின நாள் 20ஆம் தேதி காலையே கிளம்பணும், வழி முழுக்க நீட்டிப் படுக்கணும். வண்டிக்குள் இருபத்திரண்டு டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது.

ஆம்புலன்ஸில் ஏறமாட்டார். தையில் இவரும் அவரும் ஒரே ஆம்புலன்ஸில்தான் போனார்கள். அதில் இறங்கியது ஒருவர்தான். அதனால் அந்தப் பேச்சை யாரும் இரண்டாம் தடவை எடுப்பதில்லை.

எங்கள் வாசலில் கட்டிலோடு, ஏசியோடு ஒரு வேன் நாலு மாதமாகச் சும்மா நிற்கிறது. கொண்டுபோகிறேன் என்று போன வாரம் நானாகப் போய் வாக்குக் கொடுத்துவிட்டேன். இன்று சுவிட்சைத் தட்டிப் பார்த்தால் ஏசி ஓடவில்லை.

மே 13, செவ்வாய்

வெயில். காற்றே இல்லை. பக்கத்துத் தெருவில் எங்கேயோ வெடி டெஸ்ட் பண்ணுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன். ஊரைக் குறை சொல்ல முடியாது. இந்தச் சத்தத்தில்தான் முப்பது வருஷம் சாப்பிட்டேன்.

வேனைப் பற்றி. போன தீபாவளி சீசன் முடிந்த கையோடு கொச்சியிலிருந்து செகண்ட்ஹேண்டாக வாங்கி வந்தார். உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூரையில் ஏசி. ரிட்டயர் ஆகாத மனுஷனுக்கு ரிட்டயர்மென்ட் வண்டி. தெருவே வந்து பார்த்தது. இத்தனை பெரிய வீட்டைக் கட்டிப்போட்டுவிட்டுத் தகர டப்பாவில் குடித்தனம் பண்ணப் போறீங்களா என்று கேட்டேன். சிரித்தார். அவருக்கு நான் திட்டினால் காது குளிரும்.

ஒரே ஒரு தடவை அதில் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்ப. ஏசியை இருபதில் வைத்திருந்தார். எனக்குப் பல் கிட்டிக்கொண்டது. இருபத்தாறுக்குக் கீழே வைத்தால் நான் வரவே மாட்டேன் என்றேன். இருபத்தாறு வைக்கிறதுக்கு ஜன்னலைத் திறந்து வைக்கலாமே என்றார். பிணவறை மாதிரி இருக்கிறது, நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு, பாதி வழியில் இறங்கி டவுன் பஸ்ஸில் வந்தேன்.

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டாம். எழுதிவிட்டேன். மேலே போகிறேன்.

மதியம் சுப்புராஜ் (இனி சு.) வந்தான். பிரஸ்ஸில் ஆப்செட் மெஷின் எலெக்ட்ரீஷியன். இவர் தயவில் தொழில் கற்றவன், கல்யாணத்தையும் இவர்தான் முன்னின்று நடத்தினார். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனான். ஒரு மணி நேரம். பார்த்தது:

வீட்டிலிருந்து வேனுக்கு இழுத்த ஒயர் – சரி.
ஜெனரேட்டர் – ஓடுகிறது. பெட்ரோல் பழசு, மாற்றினான்.
கூரை ஏசி – நேராகக் கொடுத்தால் காற்றாடி சுற்றுகிறது. உயிர் இருக்கிறது.
சுவரில் உள்ள தெர்மோஸ்டாட் – ஸ்கிரீனில் ஒன்றுமே இல்லை. கருப்பு.

அந்தச் சின்ன டப்பா சொன்னால்தான் ஏசி ஓடுமாம். அதற்கே கரண்ட் வரவில்லையாம். கோளாறு பெரிய மெஷினில் இல்லை, அதை ஏவுகிற உள்ளங்கை அகல டப்பாவில்.

மகள் எட்டு மணிக்கு ஓசூரிலிருந்து போன். வேனை வித்திரும்மா என்றாள். தினமும் சொல்கிறாள். 20ஆம் தேதிக்கு அப்புறம் பேசலாம் என்றேன்.

மே 14, புதன்

மேகம் போட்டு ஏமாற்றியது. வெம்பக்கோட்டைப் பக்கம் நாலு தூறலாம். இங்கே புழுக்கம்தான்.

வேனுக்குள் அவருடைய புத்தகம் கிடைத்தது. கம்பெனி கொடுத்த இங்கிலீஷ் கைடு. ஓரத்தில் பென்சிலால் தமிழில் அவர் கையெழுத்து. இந்த மனுஷன் பள்ளிக்கூடத்தில் இந்த மாதிரிப் படித்திருந்தால் கலெக்டர் ஆகியிருப்பார். தெர்மோஸ்டாட் பக்கத்தில் எழுதியிருந்தது, அப்படியே காப்பி:

“12 வோல்ட். வீட்டு கரண்ட் அல்ல, கட்டிலுக்கு அடியில் உள்ள பேட்டரி. எந்நேரமும் லைட் எரியும், நிற்காது. கரண்ட் போனாலும் கடைசியா வச்ச நம்பரை மறக்காது.”

இதை வாசிக்கும்போது குரல் கேட்டது. புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து வாசல் தெளித்தேன், சாயங்காலம் நாலு மணிக்கு.

சு.விடம் காட்டினேன். கட்டில் பலகையைத் தூக்கினான். பேட்டரி நன்றாக இருக்கிறது, பன்னிரண்டரை காட்டுகிறது. பக்கத்தில் பீஸ் பெட்டி. பன்னிரண்டு இடம். பத்தில் பீஸ் இருக்கிறது, பத்தும் நல்லது, ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டர் வைத்தான். இரண்டு காலி. எது எதற்கு என்று மூடியில் ஒட்டியிருந்த காகிதம் உரிந்துபோயிருக்கிறது. “காலி இடம் எல்லாப் பெட்டியிலயும் இருக்கும்க்கா, பெரிய மாடலுக்கு உள்ளது” என்றான்.

பிறகு தெர்மோஸ்டாட்டைச் சுவரிலிருந்து பிரித்து, பின்னால் ஒயரில் மீட்டர் வைத்தான். சைபர். பேட்டரியில் இருக்கிறது, இங்கே வந்து சேரவில்லை. நடுவில் எங்கேயோ எலி கடித்திருக்கும், சுவர்ப் பலகை முழுக்கக் கழற்றிப் பார்க்கணும், ஒரு வாரம் ஆகும் என்கிறான். ஒரு வாரமா? இன்றோடு ஆறு நாள்தான் இருக்கிறது.

மே 15, வியாழன்

வெயில். வத்தல் காய்ந்துவிட்டது. தும்மல்.

எலிப் புழுக்கை வேன் முழுக்கத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. நாலு மாதம் பூட்டிக் கிடந்த வண்டியில் பொட்டுத் தூசி இல்லை, அவ்வளவு இறுக்கமாக மூடி வைத்திருக்கிறார். சர்க்கரை டப்பாவில் எறும்புகூட இல்லை. டப்பாவில் சர்க்கரை இருக்கிறது. டீத்தூள் இருக்கிறது. இரண்டு டம்ளர். இரண்டே இரண்டு.

மே 16, வெள்ளி

காலையில் தூரத்தில் மின்னல் மட்டும். மழை வேறு ஊருக்கு.

சு. ஒரு யோசனையோடு வந்தான். பேட்டரியிலிருந்து தெர்மோஸ்டாட்டுக்கு நேராகப் புது ஒயர் இழுத்துவிடலாம் என்று. பின்னால் ஆறு ஒயர், ஆறும் வெள்ளை. எது பிளஸ், எது மைனஸ், எது ஏசிக்குப் போவது, தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றான். தப்பாகத் தொட்டால்? போர்டு போய்விடும், கொஞ்சம் பொறி பறக்கும் என்றான்.

வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டான், எரிந்து விழுந்துவிட்டேன். ஒரு தடவை வெந்த மனுஷனைப் படுக்க வைக்கிற வண்டியில் பொறி பறக்க வைத்துப் பார்ப்பானாம். அவன் முகம் சுண்டிப் போயிற்று. ஸ்குரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே நின்றான். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னான், அண்ணாச்சி இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாக என்று.

உண்மைதான். பொறி என்ற வார்த்தையைக் கேட்டாலே இவருக்கு ஆகாது. கல்யாணமான புதிதில் பேக்டரியைப் பார்க்க என்னைக் கூட்டிப்போனார். கேட்டிலேயே நிறுத்தி, முதலாளி பெண்டாட்டி என்றும் பாராமல், கொண்டை ஊசி வரைக்கும் கழற்றி வாங்கி வைத்தார்கள். அவரே எடுத்து எண்ணி வாட்ச்மேனிடம் கொடுத்தார். வெளியே வரும்போது எண்ணி வாங்கினார். போன், தீப்பெட்டி, பீடி, சாவிக்கொத்து, ஊக்கு எதுவானாலும் கேட்டைத் தாண்டாது. அவ்வளவு பார்த்துப் பார்த்து நடத்திய இடம்.

தையில் அன்றைக்கு அவர் அங்கே இருந்திருக்கவே வேண்டாம். காலையில் ராமேஸ்வரம் கிளம்புவதாகத்தான் இருந்தது. வேனில் தண்ணீர் ரொப்பி, டீசல் போட்டு எல்லாம் தயார். நான் காலண்டரைக் கிழித்தேன். அஷ்டமி. அஷ்டமியில் முதல் பயணம் வேண்டாம், நாளைக்குப் போகலாம் என்றேன். சரி, அப்ப ஒரு எட்டு பேக்டரியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அதே வேனை எடுத்துக்கொண்டு போனார். ஆள்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம். வெடிமருந்து ரூமில் அவர் மட்டும். சத்தம் கேட்டுக் கருப்பசாமி உள்ளே ஓடினார்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மகளிடமும் இல்லை. விதி என்று எல்லோரும் சொல்லும்போது தலையை ஆட்டுவேன். விதி இல்லை. நான்தான் அவரை அங்கே அனுப்பினேன்.

இந்த வருஷக் காலண்டரைப் பார்த்தேன். 20 செவ்வாய், அஷ்டமி. நன்றாக இருக்கிறது.

மே 17, சனி

வெயிலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

கருப்பசாமியைப் பார்க்கப் போனேன். திருத்தங்கல் ரோட்டில் ஒரு ரூம் வீடு, அஸ்பெஸ்டாஸ் கூரை. ஈரச் சாக்கைக் கூரை மேல் போட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அவர் பெண்டாட்டி முத்துமாரி ஏறித் தண்ணீர் ஊற்றுகிறாள். அவர் தரையில் ஒருக்களித்துக் கிடக்கிறார். உட்கார்ந்தால் தொடைத் தோல் விரியாது. ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணை மட்டும்தான் தூக்க முடிகிறது, தலையைத் தூக்க முடியாது. எனக்கு என் தலையை நிமிர்த்தி வைத்திருப்பதே கூச்சமாக இருந்தது. தரையில் உட்கார்ந்தேன்.

வேன் ரெடியாகிக்கொண்டிருக்கிறது என்று பொய் சொன்னேன். “ஒங்களுக்கு எதுக்கு மதினி இம்புட்டு செரமம்” என்றார். செரமமாம்.

கிளம்பும்போது முத்துமாரி தெருமுனை வரை கூட வந்தாள். டாக்டர், பழைய போட்டோ ஒன்று கேட்டிருக்கிறாராம், கழுத்து எப்படி இருந்தது என்று பார்த்துத் தைக்க. வீட்டில் இருப்பது கல்யாண போட்டோ, மாலை கழுத்தை மறைக்கிறது. மற்றதெல்லாம் அவர் போனில்.

“அந்தப் போனு ஒங்க வீட்டுல இருக்குதாம்லக்கா. கேட்டுல இருந்து ரெண்டு பேரு சாமானையும் ஒரே பையில போட்டுக் குடுத்தாகளாம். இம்புட்டு நாளு கேக்க வாய் வரல.”

இருக்கிறது. மஞ்சள் பை. மூன்றாம் நாள் வாட்ச்மேன் கொண்டுவந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்று நீட்டினான். வாங்கி, பீரோ அடித்தட்டில் பட்டுப்புடவைக்குக் கீழே திணித்தேன். திறக்கவில்லை. அதில் இன்னொருத்தர் சாமானும் இருக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. நாலு மாதமாக அவள் கேட்க முடியாமல் இருந்திருக்கிறாள். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து பீரோ முன்னால் அரை மணி நேரம். திறக்கவில்லை.

மே 18, ஞாயிறு

காலை குளித்து, விளக்கேற்றி, அப்புறம் பை. ஏதோ நல்ல காரியம் மாதிரி.

உள்ளே இருந்தது:
அவர் போன். செத்துப்போயிருக்கிறது.
கருப்பசாமி போன். மூலையில் கீறல்.
கண்ணாடிக் கூடு. கண்ணாடி இல்லை, போட்டுக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்.
பீடிக் கட்டு, தீப்பெட்டி. கருப்பசாமியுடையது.
வீட்டுச் சாவி. வேன் சாவி வண்டியோடு முன்பே வந்துவிட்டது.
கேட் சீட்டில் பொட்டலம் மடித்த ஒரு சின்ன சாமான்.

அந்தப் பொட்டலம் என்னவென்று புரியவில்லை. நகம் அளவு பிளாஸ்டிக், காப்பித்தூள் நிறம், அடியில் இரண்டு தகரக் கால். தலையில் 5 என்று ஒரு எண். மருந்துக் கடை சாமானா, போன் சாமானா? சீட்டில் அவர் கையெழுத்து மட்டும்.

அழுதேன். சாவியைப் பார்த்துத்தான். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு ஒருவர் உள்ளே போயிருக்கிறார், திரும்பி வாங்கிக்கொள்ளலாம் என்று. பத்து மணி வரை அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

கருப்பசாமி தன் போனைப் பார்க்கவில்லை. என் உள்ளங்கையில் இருந்த பொட்டலத்தைத்தான் பார்த்தார். கிட்டக் கொண்டுவரச் சொன்னார். கழுத்து வளையாததால் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.

“அது வேனு பீஸு மதினி. அண்ணாச்சி கேட்டுக்கு வந்ததும் முதல்ல அதைத்தான் கழத்துவாக. செவுத்துல அந்தப் பொட்டி எந்நேரமும் மினுங்கிக்கிட்டே கெடக்கும்ல. மினுங்குற சாமான் எதுவும் கேட்டுக்கிட்ட வரக்கூடாதும்பாக. போனோட சேத்துக் குடுத்துட்டு, சாயங்காலம் வாங்கி மாட்டிக்கிட்டுப் போவாக.”

வேன் உள் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில்தான் நிற்குமாம். அங்கே நிற்கிற வண்டிக்கு அது தேவையே இல்லையாம். வாட்ச்மேன்கூடச் சிரிப்பானாம். இவர் கேட்கமாட்டாராம்.

காலியாக இருந்த இரண்டு இடம். சு. சொன்னது. அதுதான் கோளாறா, அவ்வளவுதானா? எலி இல்லை, ஒயர் இல்லை, போர்டு இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் வாங்கி மாட்ட ஆள் இல்லை. நாலு மாதமாக என் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்திருக்கிறது.

முத்துமாரி போனைச் சார்ஜில் போட்டாள். உயிர் வந்ததும் ஒரு போட்டோவை என்னிடம் காட்டினாள். போன வருஷப் பங்குனிப் பொங்கல், கருப்பசாமி தலையை அண்ணாந்து சிரிக்கிறார். கழுத்து நீளமான கழுத்து. எனக்கு அது ஞாபகமே இல்லை.

சு.வுக்குப் போன். மச்சினன் வீட்டு விசேஷம், சாத்தூரில் இருக்கிறான். காலையில் வருகிறேன் என்றான். நானே மாட்டிப் பார்க்க வேனுக்குள் போனேன். பலகையைத் தூக்கினேன். இரண்டு காலி இடத்தில் எது என்று தெரியவில்லை. தப்பான இடத்தில் மாட்டப் பயம். பொட்டலத்தை மறுபடி மடித்து வைத்தேன், அவர் மடித்த மடிப்பிலேயே.

மே 19, திங்கள்

காலையிலிருந்தே அனல்.

சு. எட்டு மணிக்கே வந்தான். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டான். வேறு ஊரில் எவனும் இதைச் செய்யமாட்டான், பீஸ் போயிருக்கும் என்று தேடுவேனே தவிர, பீஸைக் கழற்றிக் கேட்டில் கொடுத்திருப்பார் என்று எப்படித் தேடுவேன் என்றான். நானும் இந்த ஊர்க்காரன்தானே, எனக்குத் தோணியிருக்கணும் என்றும் அவனே சொன்னான்.

புதுசு ஒன்று வாங்கி வந்திருந்தான், பத்து ரூபாய். இது நாலு மாதம் கிடந்தது, புதுசே போடலாம் என்றான். வேண்டாம், இதையே போடு என்றேன். மீட்டர் வைத்துப் பார்த்தான். நல்லா இருக்குக்கா, எரியல என்றான்.

எரியல. ஒரு பீஸைப் பற்றித்தான் சொன்னான். நான் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

காலி இடம் இரண்டிலும் மீட்டர் வைத்துப் பார்த்து, ஏழாவது இடத்தில் அழுத்தினான். சட்டென்று சத்தம். சுவரில் பச்சை வெளிச்சம்.

ஸ்கிரீனில் இரண்டு எண். பெரிய எழுத்தில் 39, அது வேனுக்குள் இப்போது உள்ள சூடு. அதற்குக் கீழே சின்னதாக, ஏசிக்கு வைத்திருந்த எண்.

26.

சு. என்னைப் பார்க்காமல், இருபதிலேயே இருக்கும்னு நினைச்சேன், அண்ணாச்சி எப்பவும் இருபதுதானே என்றான்.

கடைசியா வச்ச நம்பரை மறக்காது.

ராமேஸ்வரம் போவதற்காக வைத்திருக்கிறார். எனக்காக. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேனா, வழிக்கு வந்தீங்களா என்று குத்திக் காட்டியிருப்பேன். அதற்குத்தான் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் நானே ஏறி, நானே பார்த்து, நானே வாயடைத்துப்போகணும் என்று வைத்திருக்கிறார். எனக்குத் தெரியும் அவரை.

ஏசி ஓட ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்தில் இருபத்தாறுக்கு வந்தது. சு. சோதித்துப் பார்க்க இருபத்திரண்டுக்கு இறக்கப் போனான். கையைப் பிடித்துவிட்டேன். நாளைக்கு நானே செய்கிறேன் என்றேன். நாளைக்கு நானே ஓட்டுறேன்க்கா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மதியம் பூராவும் வேனில் இருந்தேன். சோறு அங்கேயே. இருபத்தாறு சரியாக இருக்கிறது. குளிரவும் இல்லை, வேர்க்கவும் இல்லை. இரண்டு டம்ளரில் ஒன்றை எடுத்து டீ போட்டுக் குடித்தேன். உங்களுக்கு ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல எனக்கு ஒரே ஒரு நாள் கொடுத்திருக்கக்கூடாதா என்று சத்தமாகவே கேட்டேன். கேட்க ஆள் இல்லாத இடத்தில் நன்றாகப் பேச வருகிறது.

எடுத்து வைக்க: பருத்தித் துணி 6, இளநீர், ஆஸ்பத்திரிக் காகிதம், போட்டோ பிரிண்ட் (முத்துமாரி), தலையணை 4, ஜெனரேட்டருக்கு பெட்ரோல்.

மே 20, செவ்வாய்

அஷ்டமி. காலை எட்டு மணி. இதை வேனுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன், வண்டி ஆட்டத்தில் எழுத்து கோணுகிறது.

ஆறு மணிக்குக் கருப்பசாமி வீட்டு வாசலில் நிறுத்தினோம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், இன்னைக்கு அஷ்டமியாச்சே, ராத்திரி தாண்டிப் போகலாமே என்றார். முத்துமாரி என்னைப் பார்த்தாள். காலண்டர் எங்க வீட்டுலயும் இருக்கு, போகலாம் என்றேன். என் குரல் எனக்கே வேறு யார் குரலோ மாதிரி இருந்தது.

போர்வையோடு நாலு பேர் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். ஒருக்களித்துப் படுத்ததும் அவர் கண்ணுக்கு நேரே சுவரில் அந்த டப்பா. பார்த்தார். எண்ணைப் படித்தார் என்று தெரிந்தது.

“இருபத்தாறே இருக்கட்டும் மதினி. நான் தாங்கிக்கிடுவேன்.”

ஏன் என்றேன்.

“அன்னைக்கு என்னையக் கூட்டிக்கிட்டு வந்து காமிச்சாக. ஒங்க மதினி இனிமே ஒண்ணும் சொல்ல முடியாதுலேன்னு சிரிச்சாக. அப்பறந்தான் பீஸைக் கழத்துனாக.”

டாக்டர் சொன்னது இருபத்திரண்டு. உள்ளே அப்போதே முப்பத்தொன்று, வெயில் இன்னும் ஏறவே இல்லை. அந்த மனுஷன் இவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர். அவர் கழுத்து நிமிரணும்.

இங்கே எழுதி வைக்கிறேன், வேறெங்கும் இனி இருக்காது: 26. அவர் வைத்தது. எனக்காக வைத்தது.

கீழ் அம்புக்குறியை அமுக்கினேன். 25. 24. 23. 22. நாலு தடவை. ஒவ்வொன்றுக்கும் டிக் என்று ஒரு சத்தம். கருப்பசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

விருதுநகர் பாலத்தில் ஏறும்போது முத்துமாரி என் கையைப் பிடித்தாள். ஆம்புலன்ஸில் இவர் மூச்சு நின்றது இந்த இடத்தில்தான் என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது. மிளகாய் மண்டி நெடி வேனுக்குள்கூட வந்தது. நான் ஜன்னலைப் பார்க்கவில்லை, கருப்பசாமியைப் பார்த்தேன். கண்ணைத் திறக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்குகிறார். நாலு மாதத்தில் பகலில் தூங்கிப் பார்த்ததில்லை என்கிறாள் முத்துமாரி.

இப்போது திருமங்கலம் தாண்டிவிட்டோம். 22 காட்டுகிறது. எனக்குப் பல் கிட்டுகிறது. முத்துமாரி போர்வையை நீட்டுகிறாள், வேண்டாம் என்றேன். குளிரட்டும்.